டிஸ்க், ஸ்ட்ரிப், குழித்தட்டு: சென்சிட்டிவிட்டி சோதனைக்கு எதை வாங்கலாம்?

நூறு படுக்கை உள்ள ஒரு மருத்துவமனை சொந்தமாகக் கல்ச்சர் லேப், அதாவது நோயாளியின் மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்க்கும் (சென்சிட்டிவிட்டி சோதனை) லேப், தொடங்கப்போகிறது என்று வெளியே தெரிந்தால் போதும், மேசை மேல் கொட்டேஷன்கள் குவிந்துவிடும். தானியங்கி இயந்திரம் விற்பவர் ஒரு பக்கம், கிருமியைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்துச் செறிவை (எம்.ஐ.சி.) அளக்கும் ஸ்ட்ரிப் விற்பவர் ஒரு பக்கம், "இதெல்லாம் எதுக்கு சார், டிஸ்க்கே போதும்" என்று சொல்லும் உள்ளூர் டீலர் இன்னொரு பக்கம். நிர்வாகம் விலையைக் கேட்கும். மருத்துவர்கள் ரிப்போர்ட் எத்தனை மணி நேரத்தில் வரும் என்று கேட்பார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: இந்தச் சோதனையில் மருந்து பாக்டீரியாவிடம் எப்படிப் போய்ச் சேர்கிறது?

டிஸ்க், ஸ்ட்ரிப், குழித்தட்டு (மருந்து கலந்த திரவம் நிரப்பிய சிறு குழிகள் கொண்ட தட்டு), தானியங்கி இயந்திரம் என்ற நான்கு வழிகளையும் அப்படிக் கேட்டுப் பார்த்தால் இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிடும். டிஸ்க்கும் ஸ்ட்ரிப்பும் கிருமி வளரும் அகார் ஜெல்லுக்குள் மருந்தின் செறிவுச் சரிவை உண்டாக்கி வேலை செய்பவை. ஓரிடத்தில் அதிகம், தள்ளிப்போகப் போகக் குறைவு. குழித்தட்டும் தானியங்கி இயந்திரமும் சரிவே இல்லாதவை. ஒவ்வொரு குழியிலும் மருந்து ஒரே சீராகக் கலந்திருக்கும். எந்த மருந்துக்கு எந்த முறை சரிவரும் என்பது பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டிலேயே தீர்ந்துவிடுகிறது.

என் கட்சியை மறைக்கவில்லை. நடுத்தர மருத்துவமனைக்கு டிஸ்க் அடித்தளம், நான்கைந்து மருந்துகளுக்கு மட்டும் ஸ்ட்ரிப், கடைசிக் கையிருப்பு மருந்தான கொலிஸ்டினுக்குத் தனி ஏற்பாடு. இயந்திரம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஏன் என்பதுதான் இனி.

டிஸ்க்கின் அடியில் நடப்பது

ஆறு மில்லிமீட்டர் விட்டமுள்ள காகித வட்டம். அதில் ஐந்தோ பத்தோ முப்பதோ மைக்ரோகிராம் மருந்து உலர்ந்து கிடக்கிறது. பாக்டீரியாவைத் தடவிய அகார் மேல் அதை வைத்ததும் காகிதம் ஈரத்தை உறிஞ்சுகிறது, மருந்து கரைகிறது, ஜெல்லுக்குள் இறங்கிப் பக்கவாட்டில் விரவத் தொடங்குகிறது. மூலக்கூறுகள் திசை தெரியாமல் அலைவதுதான் விரவல். அலைந்து அலைந்து போவதால் இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். அதனால் டிஸ்க்கைச் சுற்றி ஒரு செங்குத்தான சரிவு உருவாகிறது. அது நிலையானதும் அல்ல; மணிக்கு மணி தாழ்ந்து, அகன்று, தட்டையாகிக்கொண்டே போகும்.

அதே நேரத்தில் பாக்டீரியாவும் சும்மா இல்லை. இன்குபேட்டரில் வைத்த கொஞ்ச நேரத்தில் பெருகத் தொடங்குகிறது. ஓர் இடத்தில் மருந்து போதிய அளவுக்கு வந்து சேர்வதற்கு முன்பே பாக்டீரியா ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டிவிட்டால், அப்புறம் வரும் மருந்தால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. தாண்டுவதற்குள் மருந்து வந்துவிட்டால் அந்த இடம் தெளிவாகவே இருக்கும். இந்தப் பந்தயத்தின் கோடுதான் மறுநாள் காலை நாம் ஸ்கேல் வைத்து அளக்கும் ஜோனின், அதாவது டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டத்தின், விளிம்பு. கோடு சில மணி நேரத்துக்குள்ளேயே விழுந்துவிடுகிறது. மிச்ச இரவெல்லாம் அது கண்ணுக்குத் தெரிவதற்கான காத்திருப்பு.

இதைப் புரிந்துகொண்டவருக்கு எஸ்.ஓ.பி.யில் (லேப்பின் செயல்முறைக் கையேட்டில்) இருக்கும் எண்கள் சடங்காகத் தெரியாது. அகாரின் ஆழம் 4 மி.மீ. இருக்க வேண்டும் என்பது ஏன்? ஆழம் கூடினால் அதே மருந்து கீழ்நோக்கியும் பரவி நீர்த்துவிடும், ஜோன் சுருங்கும். மெல்லிய பிளேட்டில் ஜோன் பொய்யாகப் பெரிதாகும். பாக்டீரியாக் கரைசல் 0.5 மெக்பார்லண்ட் கலங்கலில், அதாவது ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 15 கோடி செல்கள் என்ற அளவில் இருக்க வேண்டும் என்பது ஏன்? அதிகம் தடவினால் பாக்டீரியா பந்தயத்தைப் பாதி தூரத்திலிருந்து தொடங்குகிறது. தடவிய 15 நிமிடத்துக்குள் டிஸ்க் வைக்க வேண்டும், வைத்த 15 நிமிடத்துக்குள் இன்குபேட்டருக்குப் போக வேண்டும் என்பதும் அதற்காகத்தான். டிஸ்க் வைத்துவிட்டுப் பிளேட்டை மேசையிலேயே போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், அறை வெப்பத்தில் பாக்டீரியா மெதுவாக வளரும், மருந்து மட்டும் முன்னால் ஓடிவிடும்.

1966இல் பாவர், கிர்பி, ஷெரிஸ், டர்க் நால்வரும் சியாட்டிலில் இருந்து வெளியிட்ட கட்டுரையின் அருமை இங்கேதான் இருக்கிறது. அகாருக்குள் மருந்தைப் பரவவிடும் யோசனை அவர்களுடையதல்ல. 1929ஆம் ஆண்டின் பெனிசிலின் கட்டுரையிலேயே பிளெமிங் அகாரில் வாய்க்கால் வெட்டி மருந்தை ஊற்றியிருக்கிறார். நால்வர் செய்தது பந்தயத்தின் விதிகளைப் பூட்டி வைத்தது: ஒரே ஊடகம், ஒரே ஆழம், ஒரே கலங்கல், ஒரே வெப்பம். விதிகளைப் பூட்டினால்தான் ஓர் ஊரில் அளந்த 20 மி.மீ.யும் இன்னோர் ஊரில் அளந்த 20 மி.மீ.யும் ஒன்றாகும்.

இன்னொரு கணக்கும் தெரிந்திருப்பது நல்லது. டிஸ்க்கிலிருந்து விளிம்பு வரையுள்ள தூரத்தின் வர்க்கம், டிஸ்க்கில் உள்ள மருந்தின் மடக்கையைப் பொறுத்தே ஏறும். அதாவது மருந்தை இரட்டித்தால் ஜோன் இரட்டிக்காது. கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். ஃபிரிட்ஜில் சரியாக வைக்காத டிஸ்க் பாதி மருந்தை இழந்த பிறகும் ஓரளவு ஒழுங்கான ஜோனைக் காட்டிக்கொண்டிருக்கும் ஆபத்து இதிலிருந்து வருவதுதான். சின்ன சுருக்கம்தானே என்று விடக்கூடாது. அந்த இரண்டு மூன்று மில்லிமீட்டரில்தான் ரிப்போர்ட்டின் எழுத்து மாறுகிறது.

மருத்துவர்களிடமிருந்து வரும் ஒரு போன் அழைப்பு எல்லா லேப்களுக்கும் பழகியது. டைபாய்டு நோயாளியின் பிளட் கல்ச்சர். "அசித்ரோ 15தான் வந்திருக்கு, சிப்ரோ 27 வந்திருக்கே. சிப்ரோ குடுத்துடலாமா?" கூடாது டாக்டர். அமெரிக்கத் தர நிறுவனமான சி.எல்.எஸ்.ஐ.யின் அட்டவணைப்படி டைபாய்டு கிருமிக்கு அசித்ரோமைசின் 13 மி.மீ. இருந்தாலே சென்சிட்டிவ். சால்மொனெல்லாவுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் 31 மி.மீ. தொட வேண்டும், 27 என்பது இடைநிலை. ஒவ்வொரு மருந்தின் மூலக்கூறும் வேறு பருமன், வேறு மின்னூட்டம், டிஸ்க்கில் வேறு அளவு, அகாருக்குள் வேறு வேகம். ஒன்றின் ஜோனை இன்னொன்றின் ஜோனோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. மில்லிமீட்டரை ரிப்போர்ட்டில் அச்சிடாமல் எஸ் (சென்சிட்டிவ்), ஐ (இடைநிலை), ஆர் (ரெசிஸ்டன்ட், அதாவது மருந்துக்கு அடங்காதது) என்று மட்டும் கொடுப்பதே நல்லது என்பது என் எண்ணம். எண்ணைக் கண்டால் ஒப்பிடாமல் இருக்க மனிதர்களால் முடியாது.

சரிவு இருப்பதால் மட்டும் கிடைக்கும் லாபம்

டிஸ்க் முறையை ஏழைகளின் முறை என்று நினைப்பவர்களுக்கு டி-டெஸ்ட்டைக் காட்ட வேண்டும். ஸ்டாஃபைலோகாக்கஸ் தடவிய பிளேட்டில் எரித்ரோமைசின் டிஸ்க்கையும் கிளின்டாமைசின் டிஸ்க்கையும் 15 முதல் 26 மி.மீ. இடைவெளியில் அடுத்தடுத்து வையுங்கள். சில கிருமிகளில் எதிர்ப்பு மரபணு உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும். எரித்ரோமைசின் பட்டால் விழித்துக்கொள்ளும். கிளின்டாமைசின் மட்டும் பட்டால் விழிக்காது. தனியாகச் சோதித்தால் கிளின்டாமைசின் சென்சிட்டிவ் என்றே வரும். மருந்தைக் கொடுத்தபின் சிகிச்சை நடுவில் தோற்கலாம்.

பிளேட்டில் என்ன தெரியும்? கிளின்டாமைசினைச் சுற்றி வட்டமாக இருக்க வேண்டிய ஜோன், எரித்ரோமைசின் இருக்கும் பக்கம் மட்டும் தட்டையாக வெட்டப்பட்டு ஆங்கில டி எழுத்தைப் போல நிற்கும். இரண்டு சரிவுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில், எரித்ரோமைசினின் மெல்லிய வால் மரபணுவை எழுப்பிவிட்டிருக்கிறது. கிருமி கிளின்டாமைசினையும் பொருட்படுத்தாமல் வளர்ந்திருக்கிறது. கிளின்டாமைசின் ஆர் என்று எழுத வேண்டியதுதான். குழித்தட்டிலும் இதைச் செய்யலாம், இரண்டு மருந்தையும் ஒரே குழியில் கலந்து வைத்து. ஆனால் அது தருவது வளர்ந்ததா இல்லையா என்ற ஒற்றை விடை. பிளேட் காட்டுவது ஆயிரம் சேர்மானங்களை ஒரே நேரத்தில்.

செஃபோடாக்சிம் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதியை உண்டாக்கும் ஈ.எஸ்.பி.எல். கிருமிகளைக் கண்டுபிடிப்பதும் அப்படியே. செஃபோடாக்சிமுக்குப் பக்கத்தில் கிளாவுலானிக் அமிலம் கலந்த டிஸ்க்கை வைத்தால், இரண்டுக்கும் நடுவில் ஜோன் சாவித்துவாரம் போல் விரிந்து நிற்கும். இயந்திரம் இதை ஒரு வரியாக அச்சிட்டுத் தருகிறது. பிளேட் கண்முன் காட்டுகிறது. மாணவர்களுக்கு ஒருமுறை காட்டினால் அந்த நொதியை முடக்கும் பீட்டா லாக்டமேஸ் தடுப்பான் என்றால் என்ன என்பதை மறக்க மாட்டார்கள்.

கல்ச்சர் கலப்படமாக இருந்தாலும் பிளேட்டில் உடனே தெரியும்: இரண்டு விளிம்புகள், அல்லது தெளிந்த ஜோனுக்குள் அங்கங்கே ஒற்றைக் காலனிகள். அந்தக் காலனிகள் கலப்படமாகவும் இருக்கலாம், அதே கிருமியின் எதிர்ப்புள்ள சிறுபான்மையாகவும் இருக்கலாம். எடுத்து மறுபடி சோதித்தால் விடை கிடைக்கும். மூடிய குழிக்குள் இந்தத் துப்பு கிடைக்காது, கலங்கல் கலங்கல்தான். அதனால்தான் குழித்தட்டு போடுபவர்கள் கூடவே தூய்மை பார்க்கத் தனிப் பிளேட் ஒன்றும் தடவி வைக்க வேண்டும்.

ஒரு சிறு விலகல். பழ ஈயின் முட்டையில் பைகாய்ட் என்ற புரதம் தலைப்பக்கம் அதிகமாகவும் வால்பக்கம் குறைவாகவும் இருப்பதை ட்ரீவரும் நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் 1988இல் காட்டினார்கள். வளரும் கருவில் ஒவ்வொரு செல்கருவும் அந்தச் செறிவை வைத்துத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்கிறது. லேப்பில் நாம் செய்வது இதன் தலைகீழ். விளிம்பு எங்கே இருக்கிறது என்பதை வைத்து அங்கே செறிவு எவ்வளவு இருந்திருக்கும் என்று ஊகிக்கிறோம்.

எப்போது எண் தேவைப்படும்?

அந்த ஊகம் எப்போதும் போதாது. மூளைக்காய்ச்சலில் நிமோகாக்கஸ் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆக்சசிலின் 1 மைக்ரோகிராம் டிஸ்க்கில் 20 மி.மீ. அல்லது அதற்கு மேல் வந்தால் பெனிசிலின் வேலை செய்யும், பிரச்சினை இல்லை. 19 அல்லது அதற்குக் கீழே வந்தால் டிஸ்க்கால் மேற்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது, எம்.ஐ.சி., அதாவது கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு, கையில் வேண்டும். அந்த எண்ணும் நோயைப் பொறுத்தே பொருள்படும். ஊசி வழி பெனிசிலினுக்கு எம்.ஐ.சி. 0.5 என்று வந்தால், அதே கிருமி நிமோனியாவில் சென்சிட்டிவ், மூளைக்காய்ச்சலில் ரெசிஸ்டன்ட். முதலாவதன் எல்லை 2 மைக்ரோகிராம், இரண்டாவதன் எல்லை 0.06. இதய வால்வில் தொற்று இருக்கும்போதும் மருத்துவருக்கு எழுத்து போதாது, எண் வேண்டும்.

இங்கேதான் ஸ்ட்ரிப் வருகிறது. சுவீடனின் ஏ.பி. பயோடிஸ்க் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் சந்தைக்குக் கொண்டுவந்த ஈ-டெஸ்ட்தான் முன்னோடி. இப்போது காகிதத்தில் செய்தவையும் கிடைக்கின்றன, இந்தியத் தயாரிப்பும் உண்டு. டிஸ்க்கில் சரிவு தானாக உருவாகிறது. ஸ்ட்ரிப்பில் அதைத் தொழிற்சாலையிலேயே செய்து ஏற்றியிருக்கிறார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குள் மருந்து பதினான்கு முறை பாதியாகிறது, எடுத்துக்காட்டாக 256இலிருந்து 0.016 மைக்ரோகிராம் வரை. அகார் மேல் வைத்ததும் அந்தச் சரிவு அப்படியே ஜெல்லுக்குள் இறங்கி, கிருமியின் விதி முடிவாகும் நேரம் முழுவதும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. பந்தயத்தின் நிச்சயமின்மை பெருமளவு குறைகிறது. நீள்வட்டமான ஜோன் ஸ்ட்ரிப்பை வெட்டும் இடத்தில் உள்ள எண்தான் எம்.ஐ.சி.

கையாள்வதில் சில நுணுக்கங்கள் உண்டு. ஒருமுறை தொட்டுவிட்டால் ஸ்ட்ரிப்பை நகர்த்தவே கூடாது. மருந்து அந்தக் கணமே இறங்கிவிடும், நகர்த்தினால் இரண்டு சரிவுகள் கலந்துவிடும். பிளாஸ்டிக் ஸ்ட்ரிப்பின் அடியில் காற்றுக்குமிழ் நின்றால் அந்த இடத்தில் மருந்து இறங்காது. செறிவு அதிகமான முனை எது என்று பார்க்காமல் தலைகீழாகப் போட்டுவிட்டு முழிப்பவர்களும் உண்டு. அளவுகோலில் இடைப்பட்ட கோடுகள் இருக்கும்: 0.38 என்று படித்தால் அடுத்த இரட்டிப்பான 0.5க்கு ஏற்றித்தான் எல்லையோடு ஒப்பிட வேண்டும், கீழே இறக்கக்கூடாது.

விலைதான் தடை. ஒரு ஸ்ட்ரிப்பின் காசில் ஒரு குப்பி டிஸ்க்கே கிடைத்துவிடும். எல்லா மருந்துக்கும் ஸ்ட்ரிப் போடும் லேப் மூன்று மாதத்தில் நிர்வாகத்திடம் திட்டு வாங்கும். என்னைக் கேட்டால் நிமோகாக்கஸுக்குப் பெனிசிலினும் செஃப்ட்ரையாக்சோனும், டைபாய்டுக்கு அசித்ரோமைசின், ஸ்டாஃபைலோகாக்கஸுக்கு வான்கோமைசின். டைபாய்டில் அசித்ரோமைசினின் ஜோன் விளிம்பு பல நேரம் மங்கலாக இருக்கும். 12ஆ 13ஆ என்று இருவர் இரண்டு விதமாகப் படிப்பார்கள். அங்கே ஸ்ட்ரிப் சண்டையைத் தீர்க்கும்.

வான்கோமைசின் இன்னும் முக்கியம். அது பெரிய மூலக்கூறு, அகாருக்குள் மெதுவாக நகர்வது. எம்.ஐ.சி. 2 உள்ள ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸும் 8 உள்ளதும் டிஸ்க்கில் ஏறக்குறைய ஒரே ஜோனைக் காட்டும். முதலாவது சென்சிட்டிவ், இரண்டாவது இடைநிலை. சரிவு அந்த இடத்தில் அவ்வளவு செங்குத்து. நான்கு மடங்கு செறிவு ஓரிரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்கு வான்கோமைசின் டிஸ்க் முடிவை ரிப்போர்ட் செய்யும் லேப் எதையும் சோதிக்கவில்லை என்றுதான் நான் சொல்வேன். ஸ்ட்ரிப்பும் பழுதற்றதல்ல. இந்த மருந்தில் அது குழித்தட்டைவிடச் சற்றுக் கூடுதலான எண்ணையே காட்டும். ஆனால் அது எச்சரிக்கையின் பக்கம் சாயும் பிழை.

கொலிஸ்டின்: சரிவு கைவிடும் இடம்

2010இல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த என்.டி.எம்.-1 என்ற எதிர்ப்பு நொதி பற்றிய கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையிலும் ஹரியானாவிலும் பிரிட்டனிலும் சேகரித்த கிருமிகள் ஏறக்குறைய எல்லா மருந்துக்கும் அடங்கவில்லை. டிகிசைக்ளினும் கொலிஸ்டினும் மட்டுமே மிஞ்சின. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்த பழைய மருந்து, ஐ.சி.யூ.வில் கடைசிக் கையிருப்பாகத் திரும்பியது. அந்த மருந்தைத்தான் நம் லேப்கள் பல ஆண்டுகள் டிஸ்க் வைத்துச் சோதித்தன.

கொலிஸ்டின் வளையமும் வாலும் கொண்ட பெரிய பெப்டைட். உடம்பெங்கும் நேர்மின்னூட்டம். அகாரிலோ எதிர்மின்னூட்டமுள்ள சல்பேட் தொகுதிகள் இருக்கின்றன. விரவ வேண்டிய மூலக்கூறு வழியெல்லாம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. டிஸ்க்கைச் சுற்றி ஒரு குறுகிய வளையம்தான் கிடைக்கும். பழைய அட்டவணையில் சூடோமோனாஸுக்கு 11 மி.மீ. என்றால் சென்சிட்டிவ், 10 என்றால் ரெசிஸ்டன்ட். டிஸ்க்கின் விட்டமே 6. அதாவது ஒரு நோயாளியின் உயிர் காகித ஓரத்திலிருந்து இரண்டரை மில்லிமீட்டருக்குள் தீர்மானிக்கப்பட்டது. ஸ்ட்ரிப்பும் தப்பவில்லை. தொழிற்சாலையில் எவ்வளவு நேர்த்தியாகச் சரிவை ஏற்றினாலும், ஜெல்லுக்குள் இறங்கியபின் அதே ஒட்டல்தான். உண்மையில் ரெசிஸ்டன்ட்டான கிருமி சென்சிட்டிவ் என்று வரும், இது மிக மோசமான வகைப் பிழை.

சீனாவில் எம்.சி.ஆர்.-1 என்ற, கிருமியிலிருந்து கிருமிக்குத் தாவும் கொலிஸ்டின் எதிர்ப்பு மரபணு 2015 இறுதியில் வெளிவந்தது. 2016இல் சி.எல்.எஸ்.ஐ.யும் ஐரோப்பிய அமைப்பான யூகாஸ்ட்டும் சேர்ந்து ஒரே குரலில் சொல்லிவிட்டன: கொலிஸ்டினுக்கு நுண்குழிகளில் திரவ ஊடகம் கொண்டு செய்யும் நீர்த்தல் முறை மட்டுமே. டிஸ்க் வேண்டாம், ஸ்ட்ரிப் வேண்டாம். இந்தியா 2019 ஜூலையில் கோழி, மீன், கால்நடைத் தீவனத்தில் கொலிஸ்டினைத் தடை செய்ததும் இந்த வரிசையில் வந்ததுதான்.

சிறிய லேப்புக்கு இது சங்கடம். குழித்தட்டைச் சொந்தமாகத் தயாரிப்பது எளிதல்ல. கொலிஸ்டின் பிளாஸ்டிக்கிலும் ஒட்டும். ஊசி மருந்தாக வரும் மெத்தேன்சல்ஃபோனேட் வடிவத்தை எடுத்துக் கரைக்கக்கூடாது, சல்பேட் உப்பின் தூள்தான் வேண்டும். இதற்கு சி.எல்.எஸ்.ஐ.யின் 2020 பதிப்பில் இடம்பெற்ற ஒரு வழி அழகாக இருக்கிறது: அதே 10 மைக்ரோகிராம் டிஸ்க்கை வைத்துக்கொள்ளுங்கள், அகாரை மட்டும் விட்டுவிடுங்கள். நான்கு ட்யூப்களில் கேட்டயான் சரிசெய்த முல்லர் ஹின்டன் பிராத் (கால்சியம், மக்னீசியம் அளவு சரிசெய்த திரவ ஊடகம்) 10 மி.லி. வீதம். முதல் ட்யூபில் டிஸ்க் இல்லை, இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் இரண்டு, நான்காவதில் நான்கு. அரை மணி நேரம் அறை வெப்பத்தில் விட்டால் மருந்து திரவத்தில் இறங்கிவிடும்: மில்லிலிட்டருக்கு 0, 1, 2, 4 மைக்ரோகிராம். கிருமிக் கரைசல் 50 மைக்ரோலிட்டர் சேர்த்து இரவு முழுவதும் இன்குபேட்டரில் வைத்து, எந்த ட்யூப் கலங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

சரிவு இல்லை, ஒட்ட ஜெல் இல்லை. இருக்கிற டிஸ்க்கே போதும். ஈ. கோலை, கிளெப்சியெல்லா குடும்பத்துக்கும் சூடோமோனாஸுக்கும் இது செல்லும். அசினெட்டோபாக்டருக்கு இதை நம்பாமல் குழித்தட்டு வசதியுள்ள பெரிய லேப்புக்கு அனுப்புவதே சரி. ரிப்போர்ட் எழுதும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதே 2020 பதிப்பில் சி.எல்.எஸ்.ஐ. கொலிஸ்டினுக்கு சென்சிட்டிவ் என்ற வகையையே எடுத்துவிட்டது. 2 வரை இடைநிலை, 4 முதல் ரெசிஸ்டன்ட். அந்த அட்டவணையைப் பின்பற்றிக்கொண்டே எஸ் என்று அச்சிட்டு அனுப்பும் ரிப்போர்ட்டுகளை இன்னும் பார்க்க முடிகிறது.

குழித்தட்டும் இயந்திரமும்

கொலிஸ்டினைத் தாண்டிப் பார்த்தால், குழித்தட்டு உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட அளவுகோல் முறை. 96 குழிகள், அடுத்தடுத்து இரட்டிக்கும் செறிவுகள், ஒவ்வொன்றிலும் மில்லிலிட்டருக்கு 5 லட்சம் கிருமி. மற்ற எல்லா முறைகளும் சரியா என்று இதை வைத்துத்தான் பார்க்கிறார்கள். ஆனால் இதன் எண்ணும் கல்வெட்டு அல்ல. ஒரு இரட்டிப்பு மேலோ கீழோ போவது இயல்பான பிழையாகவே கருதப்படுகிறது. இன்று 1 என்று வந்தது நாளை 2 என்று வரலாம். அன்றாடம் இருபது மாதிரிக்கு இதைக் கையால் செய்யும் ஆள்பலம் நடுத்தர மருத்துவமனையில் இருக்காது. ஆராய்ச்சி மையங்களுக்கும், ஐ.சி.எம்.ஆரின் மருந்து எதிர்ப்புக் கண்காணிப்பு வலைப்பின்னலில் உள்ள வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களுக்கும் அது உரியது.

தானியங்கி இயந்திரம் என்பது இதே குழிகளை அட்டையாகச் சுருக்கி, கலங்கலைத் திரும்பத் திரும்ப அளந்து, வளர்ச்சிக் கோட்டிலிருந்து எம்.ஐ.சி.யைக் கணக்கிடுவது. வேகம் உண்டு, ஆளுக்கு ஆள் மாறாத ஒழுங்கு உண்டு, கிருமியின் பெயரையும் சேர்த்தே சொல்லும். மாதிரிகள் நிறைய வரும் இடத்தில் அதன் விலை தாங்கும். குறைவாக வரும் இடத்தில் அட்டைகள் காலாவதி ஆகும். அட்டையில் எந்த மருந்து இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். நாளைக்கே புதிய மருந்து ஒன்றைச் சோதிக்க வேண்டுமென்றால் மறுபடி டிஸ்க்கிடம்தான் வர வேண்டும். கொலிஸ்டினில் தானியங்கி முறைகள் எதிர்ப்பைத் தவறவிட்டிருப்பதும் பதிவாகியிருக்கிறது. ஆக இயந்திரம் வாங்கினாலும் டிஸ்க்கையும் ட்யூபையும் மூட்டை கட்ட முடியாது.

வேகத்துக்காக மட்டும் இயந்திரம் கேட்கிறார்கள் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. பிளட் கல்ச்சர் பாட்டில் பாசிட்டிவ் ஆனதும் அந்தத் திரவத்தை நீர்க்காமல் நேரடியாகப் பிளேட்டில் தடவி, டிஸ்க் வைத்து, 4, 6, 8 மணி நேரத்தில் ஜோனைப் படிக்கும் விரைவு முறையை யூகாஸ்ட் 2018இல் வெளியிட்டது. ஒவ்வொரு நேரத்துக்கும் தனி அட்டவணை கொடுத்திருக்கிறார்கள். 4 மணி நேரத்தில் விளிம்பு இருக்கும் இடம் வேறு, 8 மணி நேரத்தில் அது கண்ணுக்குத் தெரியும் விதம் வேறு என்பதால், மறுநாள் காலைக்கான எல்லையை வைத்து மாலையில் படிக்கக்கூடாது. குறிப்பிட்ட சில கிருமிகளுக்கு மட்டுமே இது செல்லும், கிருமி எது என்றும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் செப்சிஸ் நோயாளிக்கு இது ஒரு இரவை மிச்சப்படுத்தும். புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. மாலையில் பிளேட்டைப் படிக்க ஓர் ஆள் இருக்க வேண்டும், அதுதான் உண்மையான செலவு.

வாங்கும் பட்டியல்

ஒரு நாளைக்கு ஐந்தாறு கல்ச்சர் வரும் லேப் என்றால் டிஸ்க் மட்டும் போதும். எண் தேவைப்படும் கிருமியை வெளியே அனுப்பலாம். இருபது முப்பது வந்தால் மேலே சொன்ன ஸ்ட்ரிப்களும் கொலிஸ்டின் ட்யூப்களும் சேர வேண்டும். நூறைத் தாண்டினால் இயந்திரத்தைப் பற்றிப் பேசலாம், அப்போதும் டிஸ்க்குக்கு ஒரு மேசை ஒதுக்கியபடிதான்.

ஆனால் பணத்தை முதலில் எங்கே போடுவது என்றால், முறைக்கு முன்னால் சரிவைக் காப்பாற்றும் பொருள்களில் போடுங்கள். மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசர் ஒன்று, பீட்டா லாக்டம் (பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகை) டிஸ்க்குகளின் இருப்புக்காக. கரன்ட் போனால் தாங்கும் இணைப்போடு. குப்பியை வெளியே எடுத்ததும் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். குளிர்ந்த குப்பியைத் திறந்தால் ஈரம் படிந்து மருந்து அங்கேயே கெடத் தொடங்கும். பிளேட் ஊற்றுபவருக்கு அளவு சொல்லிவிடுங்கள்: 90 மி.மீ. பிளேட்டுக்கு 25 மி.லி. அகார், சமமான மேசையில். சாய்ந்த மேசையில் ஊற்றினால் ஒரே பிளேட்டின் இரண்டு ஓரங்களில் இரண்டு ஆழம்.

பிறகு தரக்கட்டுப்பாட்டுக் கிருமிகள், அதாவது விடை முன்பே தெரிந்த கிருமிகள். ஈ. கோலை ஏ.டி.சி.சி. (அமெரிக்கக் கிருமிச் சேகரிப்பு) எண் 25922, சூடோமோனாஸ் 27853, ஸ்டாஃபைலோகாக்கஸ் 25923. ஸ்ட்ரிப்புக்கும் குழிக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் 29213. அகார் தூள் புது லாட் வந்தால் இவற்றை வைத்துப் பார்த்தபிறகே நோயாளியின் மாதிரிக்குப் பயன்படுத்த வேண்டும். சூடோமோனாஸில் ஜென்டாமைசின் ஜோன் சுருங்கினால் கால்சியம் மக்னீசியம் அதிகம் என்று சந்தேகப்படலாம். கோட்ரைமாக்சசோலின் ஜோன் மங்கினால் தூளில் அந்த மருந்தை முறியடிக்கும் தைமிடின் இருக்கலாம். ஜென்டாமைசின் சுருங்கி டெட்ராசைக்ளின் விரிந்தால் பி.எச். இறங்கியிருக்கிறது, 7.2க்கும் 7.4க்கும் நடுவில் கொண்டுவர வேண்டும். கொட்டேஷன் கேட்கும்போது டீலரிடம் இந்தக் கிருமிகளின் விலையையும் சேர்த்தே கேளுங்கள். பெரும்பாலும் பட்டியலில் அவை இருக்காது.